இருபது கிலோவுக்குக் கீழே

என் மேடைக்கு ஒரு குணம் உண்டு.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
கிளீனர் பையன் கேபினில் தூங்கினால் தெரியும்,
ஸ்டெப்னியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தால் தெரியும்.
தார்ப்பாய் மேல் உட்கார்ந்து வந்த காக்கை தெரியாது.

அத்திப்பட்டு, இரண்டாம் நம்பர் யார்டு.
ஒடிசாவில் ஒரு குன்றைத் தோண்டி
கூட்ஸ் வண்டியில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.
இங்கே கொட்டுவோம், அள்ளுவோம், நிறுப்போம்.
எண்ணூர் துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கும்.
சிலிப்பில் குன்று என்று எழுதக் கட்டம் கிடையாது.
மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை,
மழை நாளில் ஈரத்துக்கு ஆறு சதம் கழிவு.
கீழே என் கையெழுத்து: ஜெ. ஜெயசீலி.
பதினொரு வருஷத்தில் அது தேய்ந்து தேய்ந்து
இப்போது ஒரு கோணல் கோடு.

செவ்வாய்க்கிழமை எல்லோரையும் கூப்பிட்டார்கள்.
ஷெட்டுக்குள் ஷாமியானா, அதற்குள் ஏ.சி.
டில்லிபாபு நாற்காலி துடைத்தே
ஆறு துணியைக் கறுப்பாக்கியிருந்தான்.
புனேயிலிருந்து வந்த டோங்ரே சார்
வணக்கம் மட்டும் தமிழில் சொன்னார்,
நன்றாகவே சொன்னார்.

திரையில் ஒரு கோடு கீழிருந்து கிளம்பி
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி போல நிமிர்ந்தது.
மூன்று லட்சம் டன் ஒன்பது லட்சம் ஆகுமாம்.
குன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு குன்றைக்
குத்தகைக்கு எடுத்தாகிவிட்டதாம்.
யார்டு மதில் கிழக்கே நகருமாம்,
பசங்க கிரிக்கெட் ஆடும் பொட்டலைத் தாண்டி
உப்பங்கழி ஓரம் வரைக்கும்.

“உலகத்தில் பளபளப்பது எல்லாம்
நம் கறுப்பு மண்ணிலிருந்து வருகிறது” என்றார்.
மேனேஜர் தமிழாக்கினார், கைதட்டினோம்.
பெரிய பொய்யும் இல்லை.
என் ஸ்கூட்டியின் கண்ணாடித் தண்டு,
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு கட்டிலின் கால்,
மூலக்கொத்தளம் போகும் வண்டியின் கைப்பிடி.
முடியைவிட மெல்லிசாகப் பூசினால் போதுமாம்.
அந்த மெல்லிசுக்கு இத்தனை லாரி.

பதினான்காவது படம்.
புது எடைமேடை, நூறு டன், இரண்டு.
கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும்,
சிலிப் டிரைவர் போனுக்கே போய்விடும்.
பக்கத்தில் என் கேபினையும் வரைந்திருந்தார்கள்.
அதே நீல ஜன்னல், அதே கிரில்.
உள்ளே யாரும் இல்லை.
வாசலில் தொட்டியில் ஒரு செடி.

டில்லிபாபு என் பக்கம் திரும்பவில்லை.
அப்புறம் மெதுவாக,
“இன்னாக்கா, செடிக்கு யாராச்சும் தண்ணி ஊத்தணும்ல?”
சிரித்துவிட்டேன்.
திட்டம் எனக்குப் பிடித்துவிட்டதென்று
டோங்ரே சார் தலையசைத்தார்.

பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்பினால்
நெல்லூர் வண்டி ஆறு, வரிசையில் ஹாரன்.
நிறுத்து அனுப்பினேன். ஒவ்வொன்றும்
தார்ப்பாய் ஓரத்தில் கொஞ்சம் சிந்திக்கொண்டே போயிற்று,
என் மேடைக்குத் தெரியாத அளவில்.
ரோடு கறுப்பு. கொடியில் காயும் பள்ளிச் சட்டை கறுப்பு.
ராத்திரி மூக்கைச் சிந்தினால் அதுவும்.
இதையெல்லாம் யாராவது நிறுத்து வந்திருந்தால்
எந்தப் படத்தில் எந்தக் கோடு ஏறியிருக்கும்?

ஏழு மணிக்குக் கடைசி வண்டி போனபின்
செருப்போடு மேடையில் ஏறி நின்றேன்.
உள்ளே டில்லிபாபு பட்டனை அழுத்தினான்.
எண்பது.
“எழுபத்தொண்ணுதான்டா” என்று கத்தினேன்.
“கம்பெனி கணக்குல ஒம்போது கிலோ வளர்ச்சிக்கா!”

சிலிப் வந்தது. வண்டி எண்: காலி.
பொருள்: குரோம் தாது.
அதை மாற்ற முடியாது, தானாக அச்சாகும்.
ஈரக் கழிவு: பூஜ்யம்.
இன்றைக்கு மட்டும் நிதானமாக
முழுப்பெயரையும் எழுதினேன்.
மற்ற சிலிப்புகளோடு கம்பியில் குத்திவைத்தேன்.
நாளைக்கு ஆடிட்டர் வருகிறார்.